முதுகைக் காட்டிக்கொண்டு முன்னே போவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்: துடுப்புப் படகு

ரோயிங் பழக விரும்புகிறவர்களும், பழகத் தொடங்கிப் பாதியில் திணறுகிறவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

கயாக்கும் ரோயிங்கும் ஒன்றுதானே? இரண்டிலும் துடுப்புதானே போடுகிறோம்?
– வாசகர், கோவை

கயாக்கில் போகிற திசையைப் பார்த்து உட்காருவீர்கள். துடுப்பு உங்கள் கையில் மட்டும்தான் இருக்கும், படகோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ரோயிங்கில் போகிற திசைக்கு முதுகு. படகின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ரிக்கர் என்கிற சட்டத்தின் நுனியில் ஒரு கேட் இருக்கும்; துடுப்பை அதில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். இருக்கை சக்கரத்தில் முன்னும் பின்னும் ஓடும். அதனால் தொடையின் பலம் முழுக்கத் துடுப்புக்குப் போகிறது.

ஆளுக்கு இரண்டு துடுப்பு என்றால் ஸ்கல்லிங். ஆளுக்கு ஒன்று என்றால் ஸ்வீப். முதலில் ஸ்கல்லிங் பழகுங்கள். உடம்பு ஒரு பக்கமாகத் திருகாமல் இரண்டு கையும் சமமாகப் பழகும்.

வயது 34. நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு சேரலாமா?
– வாசகி, வேளச்சேரி

முதலில் நீச்சல் குளத்துக்குப் போங்கள், ஆறு எங்கும் ஓடிவிடாது. உடுத்திய உடையோடு 50 மீட்டர் நீந்தவும், கால் எட்டாத ஆழத்தில் ஓரிரு நிமிடம் மிதந்து நிற்கவும் தெரிய வேண்டும். கிளப்புகள் பொதுவாகக் கேட்பது இந்த அளவுதான்.

ஜாக்கெட்டை நம்பி ஏற்றாததற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் கைப்பிடி உங்கள் கீழ் விலா எலும்புக்கு முன்னால் வந்து நிற்கும். தடித்த ஜாக்கெட் போட்டிருந்தால் அதன் விளிம்பில் கைப்பிடி மாட்டும். மாட்டினால் படகு சாயும். காப்பாற்ற வேண்டியதே கவிழ்த்துவிடும். அதனால்தான் பயிற்சியாளர் மோட்டார் படகில் பக்கத்திலேயே வருகிறார். இடுப்பில் கட்டிக்கொள்ளும் பை ஒன்று உண்டு, கயிற்றை இழுத்தால் காற்று நிரம்பும். ஆனால் நீந்தத் தெரியாதவர் தண்ணீரில் விழுந்த பதற்றத்தில் கயிற்றைத் தேடி இழுப்பார் என்று எப்படி நம்புவது? நீச்சல் பழகும் வரை கரையில் எர்க் (ரோயிங் மெஷின்) போடுங்கள்.

ஜிம்மில் ரோயிங் மெஷின் போடுகிறேன். லிவரை 10-இல் வைத்து 20 நிமிடம். புஜமும் இடுப்பும் விட்டுப்போகிறது. ஆனாலும் 500 மீட்டருக்கு 2:30-ஐத் தாண்ட முடியவில்லை. 2:00-க்கு வர எத்தனை நாளாகும்?
– வாசகர், தாம்பரம்

துடுப்பை இழுப்பதற்கும் உடம்பு நோவதற்கும் தமிழில் ஒரே சொல்தான்: வலித்தல். நீங்கள் இரண்டையும் சேர்த்துச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த லிவரை 4-க்கு இறக்குங்கள். அது விசிறிக் கூண்டுக்குள் எவ்வளவு காற்றை விடுவது என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. 10-இல் வைத்தால் பாரம் ஏற்றிய பழைய தோணியை இழுப்பதுபோல. 4-இல் வைத்தால் ஒல்லியான பந்தயப் படகு. கூண்டில் தூசி அடைந்திருந்தால் ஒரு மெஷினின் 4-உம் பக்கத்து மெஷினின் 4-உம் ஒன்றாக இராது. கான்செப்ட்2 மெஷினாக இருந்தால் திரையின் மெனுவில் 'டிராக் ஃபேக்டர்' என்று, காற்று தரும் தடையைக் காட்டும் எண் இருக்கும். அந்த எண் 110-இலிருந்து 125-க்குள் இருந்தால் போதும்.

அடுத்தது, உங்கள் இடுப்பு. பெரும்பாலும் நடப்பது இதுதான்: காலை உதைத்ததும் இருக்கை மட்டும் பின்னால் பறக்கிறது, கைப்பிடி இருந்த இடத்திலேயே நிற்கிறது. உடம்பு மடங்கிப்போய், மிச்ச வேலை முழுக்க இடுப்பெலும்பின் தலையில் விழுகிறது. பக்கவாட்டிலிருந்து ஒருவரை மொபைலில் படம் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். இழுப்பின் முதல் பாதியில் இருக்கை ஒரு சாண் நகர்ந்தால் கைப்பிடியும் ஒரு சாண் நகர்ந்திருக்க வேண்டும்.

வரிசை இப்படி: முழங்காலுக்குக் கீழே செங்குத்து, கை நேர், இடுப்பிலிருந்து உடம்பு சற்றே முன்சாய்வு. இதுதான் கேட்ச். இங்கிருந்து கால் மட்டும் உதைக்கும். கால் ஏறக்குறைய நீண்ட பிறகு உடம்பு பின்னால் சாயும். கடைசியாகக் கை மடங்கும், கைப்பிடி கீழ் விலாவுக்கு வரும். திரும்பும்போது அப்படியே தலைகீழ்: கை நீள வேண்டும், உடம்பு முன்னால் சாய வேண்டும், அப்புறம்தான் முழங்கால் எழ வேண்டும். கைப்பிடி முழங்காலைத் தாண்டும் முன்பே முழங்கால் எழுந்தால், மேட்டைத் தாண்டுவதுபோல் கைப்பிடியைத் தூக்க வேண்டியிருக்கும். மெஷினில் இது அசிங்கம் மட்டும்தான். படகில் துடுப்பு தண்ணீரில் இடித்துவிடும்.

பயிற்சிக்கு: கையையும் உடம்பையும் அசைக்காமல் காலால் மட்டும் 10 இழுப்பு. கால், உடம்பு இரண்டும் சேர்த்து 10. பிறகு முழுதாக 10. நிமிடத்துக்கு 18 அல்லது 20 இழுப்புக்கு மேல் போகாதீர்கள். 'ஒன்று' என்று உதைத்து, 'இரண்டு, மூன்று' என்று நிதானமாகத் திரும்புங்கள். வேகமாகத் திரும்பி மெதுவாக உதைப்பதுதான் புதியவர்களின் பொதுக் குணம்.

2:00 பற்றி: 500 மீட்டருக்கு 2:30 என்பது சுமார் 104 வாட். 2:00 என்பது சுமார் 203 வாட். முப்பது வினாடி குறைய பலம் கிட்டத்தட்ட இரட்டிப்பாக வேண்டும். 2:25-க்கு 115 வாட் போதும். அதை முதலில் பிடியுங்கள். வலி தொடை வழியாகக் காலுக்கு இறங்கினால் மெஷினை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

முதல் நாள் என்ன செய்யச் சொல்வார்கள்? பென்சில் மாதிரி இருக்கிற அந்தப் படகு ஆள் ஏறினால் நிற்குமா?
– கல்லூரி மாணவர், திருவான்மியூர்

தானாக நிற்காது. ஒருவர் வலிக்கும் பந்தய ஸ்கல் 8 மீட்டர் நீளம் இருக்கும். தண்ணீர் மட்டத்தில் அதன் அகலம் ஓர் அடிக்கும் குறைவு. போட்டி விதிப்படி எடை 14 கிலோவுக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான் எடையே. கழைக்கூத்தாடிக்குக் கையில் உள்ள மூங்கில் எப்படியோ, இதற்கு இரண்டு துடுப்பும் அப்படி. இரண்டு பிளேடும் (துடுப்பின் அகன்ற நுனி) தண்ணீரில் தட்டையாகப் படுத்திருந்து, இரண்டு கைப்பிடியும் உங்கள் கையில் சேர்ந்திருக்கும் வரை படகு கவிழாது. மூக்கு அரிக்கிறது என்று ஒன்றை விட்டீர்களானால் அந்தப் பக்கம் குளியல்தான். முதல் நாள் வேறு எது மறந்தாலும் இது மறக்கக் கூடாது. நல்ல கிளப்பில் முதல் நாளே இதில் ஏற்ற மாட்டார்கள். அகலமான பயிற்சிப் படகில், அல்லது பழகியவர்களோடு நால்வர் படகில் உட்கார வைப்பார்கள்.

ஏறுவதற்கு முன் துடுப்புகளைப் பொருத்தி, கேட்டின் மேல் கம்பியை மூடித் திருகை முறுக்குங்கள். படகின் முன் மூக்கில் வெள்ளை ரப்பர் பந்து இருக்கிறதா, காற்றறைகளின் மூடி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். ஷூவின் குதிகாலைப் படகோடு கட்டும் கயிறு அறுந்திருக்கக் கூடாது. படகு கவிழும்போது குதிகால் எழும்பாமல் பிடித்து, கால் தானாக ஷூவிலிருந்து வெளியே வர வைப்பது அந்தக் கயிறுதான்.

பின்பக்கத்தைப் பார்த்து நின்று, தண்ணீர்ப் பக்கத்துக் கையால் இரண்டு கைப்பிடியையும் சேர்த்துப் பிடியுங்கள். தண்ணீர்ப் பக்கத்துக் காலை, இருக்கை ஓடும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவிலுள்ள சிறிய பலகையில் வையுங்கள். அதைத் தவிர வேறெங்கும் கால் வைக்கக் கூடாது. படகின் அடித்தட்டு சில மில்லிமீட்டர் தடிமன்தான், குதிகாலை ஊன்றினால் ஓட்டை விழும். பிறகு ஒற்றைக் காலில் மெதுவாகக் குந்தி இருக்கையில் உட்காருங்கள். தொளதொள பனியன், தொங்கும் துப்பட்டா வேண்டாம். பனியனின் வால் இருக்கையின் சக்கரத்தில் சிக்கிவிட்டால் நடு ஆற்றில் இருக்கை ஓடாது. கை இரண்டும் துடுப்பில் இருப்பதால் எடுக்கவும் முடியாது.

கட்டை விரலைக் கைப்பிடியின் நுனியில் வைத்து வெளிப்பக்கமாக லேசாக அழுத்துங்கள். மற்ற விரல்கள் கொக்கிபோல் தொங்கினால் போதும், நெரிக்க வேண்டாம். இழுக்கும்போது இரண்டு கையும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அது உங்கள் தவறல்ல, கணக்கு அப்படி: இரண்டு கேட்டுக்கும் இடையே சுமார் 160 செ.மீ.; ஒவ்வொரு துடுப்பிலும் கேட்டிலிருந்து உள்பக்க நீளம் சுமார் 88 செ.மீ. கூட்டினால் 176. குறைந்தது 16 செ.மீ. ஒன்றையொன்று தாண்டித்தான் ஆக வேண்டும். இடக்கை மேலே, வலக்கை கீழே என்பது வழக்கம். அதற்காகவே உங்கள் இடப்பக்கக் கேட்டை வலப்பக்கத்தைவிட ஒரு சென்டிமீட்டர் அளவு உயர்த்தி வைத்திருப்பார்கள். இதைத் தெரியாமல் இரண்டு கையையும் ஒரே மட்டத்தில் கொண்டுவர முயன்றுதான் பலர் விரல் முட்டியைக் கிழித்துக்கொள்கிறார்கள். இடக்கையை வலக்கைக்குச் சற்று மேலேயும் முன்னாலும் விடுங்கள், உரசாது.

பிறகு படகை ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒரு கையை உயர்த்தி மறு கையைத் தாழ்த்திப் பார்க்கச் சொல்வார்கள். நாலைந்து சென்டிமீட்டர் வித்தியாசத்துக்கே படகு எப்படிச் சாய்கிறது என்று புரியும். அப்புறம் காலை நீட்டியபடி கையால் மட்டும் சின்ன இழுப்பு, பின்னோக்கித் தள்ளுவது, ஒரு துடுப்பை இழுத்து மறு துடுப்பைத் தள்ளி, நின்ற இடத்தில் திரும்புவது. அதற்குள் நேரம் முடிந்துவிடும். இருக்கையை முழுதாக ஓட விடுவது இரண்டாவது, மூன்றாவது வகுப்பில்தான்.

கையுறை போடலாமா? கொப்புளம் தாங்கவில்லை.
– வாசகி, திருச்சி

வேண்டாம். கையுறை உள்ளே நழுவி இன்னும் அதிகமாக உரசும். துடுப்பு திரும்புவதும் விரலுக்குத் தெரியாது. உடைந்த கொப்புளத்தைச் சோப்பால் கழுவித் துணி டேப் சுற்றுங்கள், தோலைப் பிய்க்காதீர்கள். கொப்புளம் உள்ளங்கை நடுவில் வந்தால் நெரித்துப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். விரலின் அடிக்கணுவில் வந்தால் சரியாகப் பிடிக்கிறீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிராப் பிடித்துக் கைப்பிடி வயிற்றில் இடித்துவிட்டது. ஒரே வாரத்தில் இது மூன்றாவது முறை.
– வாசகர், அண்ணா நகர்

கிராப் என்ற பெயர் பொருத்தமானதுதான். நண்டு கவ்வியதுபோல் தண்ணீர் பிளேடைக் கவ்விக்கொள்கிறது, படகு மட்டும் முன்னே போகிறது. கேட்டுக்கு அந்தப் பக்கம் பிளேடு மாட்டிக்கொண்டால் இந்தப் பக்கம் கைப்பிடி உங்களை நோக்கித்தானே வரும்?

காரணம் இரண்டில் ஒன்று. பிளேடு வெளியே வருவதற்கு முன்பே அதைத் தட்டையாகத் திருப்பிவிடுகிறீர்கள். அல்லது இழுக்கும்போது கைப்பிடி மேலேறுவதால் பிளேடு ஆழத்துக்குப் போய்விடுகிறது. எது என்று கண்டுபிடிப்பது சுலபம். கரைக்கு வந்ததும் துடுப்பின் தண்டைப் பாருங்கள். பிளேடு மட்டும் நனைந்திருந்தால் ஆழம் சரி. தண்டும் ஒரு சாணுக்கு மேல் நனைந்திருந்தால் ஆழம்தான் பிரச்சினை. இழுப்பு முழுக்கக் கைப்பிடியை ஒரே மட்டத்தில் நெஞ்சுக் குழிக்குக் கொண்டுவாருங்கள்.

ஆழம் சரி என்றால் வரிசையில் தவறு. கைப்பிடியை முதலில் கீழே அழுத்துங்கள்; பிளேடு நிமிர்ந்தபடியே வெளியே வரட்டும்; பிறகு விரலால் உருட்டித் தட்டையாக்குங்கள். ஒரு வாரம் தட்டையாக்காமலே, பிளேடை நிமிர்த்தியபடியே வலித்துப் பழகினால் இது கைக்கு வந்துவிடும். படகு ஆடும், ஆடட்டும்.

கிராப் பிடித்த அந்த நொடியில் மல்லுக்கட்டாதீர்கள். பின்னால் சாய்ந்து கைப்பிடியைத் தலைக்கு மேல் போக விடுங்கள். கூட ஆட்கள் இருந்தால் நிறுத்தச் சொல்லிக் கத்துங்கள். எல்லாரும் பிளேடைத் தட்டையாகப் போட்டுப் படகை நிறுத்திய பிறகு உங்கள் துடுப்பை மீட்டுக்கொள்ளலாம்.

முன்னால் என்ன வருகிறது என்று எப்படித் தெரியும்? முதுகில் கண்ணா இருக்கிறது?
– வாசகர், மதுரை

படகுக்குப் பின்னால், உங்கள் கண்ணெதிரே தெரிகிற இரண்டு பொருளை, ஒரு மரமும் அதற்குப் பின்னாலுள்ள ஒரு கோபுரமும் என்று வையுங்கள், ஒன்றை ஒன்று மறைக்கும்படி வைத்துக்கொண்டால் படகு நேராகப் போகிறது. மரம் விலகினால் படகு விலகுகிறது. கூடவே ஐந்தாறு இழுப்புக்கு ஒரு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள், இந்த முறை இடம் என்றால் அடுத்த முறை வலம். திரும்ப வேண்டிய நேரம், இழுப்பு முடிந்து கை நீளத் தொடங்கும்போது. கேட்ச் அருகே திரும்பினால் தோளோடு கையும் போகும், படகு சாயும். ஒவ்வொரு கிளப்பிலும் எந்தக் கரை ஓரமாகப் போவது, எந்தக் கரை ஓரமாக வருவது என்று வரைபடம் மாட்டியிருப்பார்கள். முதலில் அதை மனப்பாடம் செய்யுங்கள். இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு நேருக்கு நேர் வரும் வாகனம் வேறு எங்கே இருக்கிறது?

மகளுக்கு 14 வயது, பாடசாலை ரோயிங் அணியில் சேர்ந்தாள். சின்ன உடம்பு என்று காக்ஸ் ஆக்கிவிட்டார்கள். துடுப்பே தராமல் ஒதுக்கிவிட்டார்களோ என்று கவலையாகக் கிடக்கு.
– ஒரு தாய், வெள்ளவத்தை

கவலை வேண்டாம். காக்ஸ் என்றால் துடுப்புப் போடாமல் படகை வழிநடத்துகிறவர். அந்தப் படகில் முன்னால் பார்க்கிற ஒரே ஆள் உங்கள் மகள்தான். சுக்கான் அவள் கையில். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது எல்லாம் அவள் குரலில். எட்டுப் பேர் வலிக்கும் படகு 17 மீட்டருக்கு மேல் நீளம், சட்டென்று திரும்பாது. வளைவு வருவதற்கு முன்பே, பிளேடுகள் தண்ணீரில் இருக்கும்போது சுக்கானைக் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். பிளேடு வெளியே இருக்கும்போது திருப்பினால் படகு ஒரு பக்கம் சரியும், எட்டுப் பேரும் திட்டுவார்கள்.

உலகப் போட்டிகளில் காக்ஸின் குறைந்த எடை 55 கிலோ; அதற்குக் கீழே இருந்தால் மணல் மூட்டை வைத்து ஈடுகட்ட வேண்டும். ஆகவே மெலிய வைக்கப் பட்டினி போட விடாதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது அவளுக்கும் துடுப்புத் தரச் சொல்லிப் பயிற்சியாளரிடம் கேளுங்கள். வலித்துப் பார்த்த காக்ஸ் சொல்கிற சொல்லுக்கு மதிப்பே வேறு.

உங்கள் ஊர் பெய்ரா ஏரிக்கும் எங்கள் அடையாற்றுக்கும் பழைய உறவு உண்டு. மெட்ராஸ் போட் கிளப் 1867-இல் தொடங்கியது, கொழும்பு ரோயிங் கிளப் அதற்கும் மூத்தது. இரண்டு கிளப்புக்கும் இடையிலான பந்தயம் 1898-இல் ஆரம்பித்தது.

எடின்பரோவுக்கு வந்து இரண்டு வருடம். பக்கத்துக் கடற்கரை ஊரில் மக்களே சேர்ந்து கட்டிய மரப்படகில் என்னையும் கூப்பிடுகிறார்கள். வயது 58. போகலாமா?
– வாசகர், ஸ்காட்லாந்து

கட்டாயம் போங்கள். நீங்கள் சொல்வது செயின்ட் ஐல்ஸ் ஸ்கிஃப் வகையாக இருக்கும். ஆன்ஸ்ட்ரதர் ஊரிலுள்ள ஸ்காட்டிஷ் மீன்பிடி அருங்காட்சியகத்தின் முயற்சியால் 2009-இல் தொடங்கியது. ஃபேர் தீவின் பழைய படகைப் பார்த்து இயன் ஆட்ரெட் வரைந்த வடிவம். 22 அடி நீளம், நாலு பேர் ஆளுக்கொரு துடுப்பு, ஒரு காக்ஸ். வெட்டிய பிளைவுட் பலகைகளைப் பெட்டியாக வாங்கி, ஊர்க்காரர்களே ஒட்டிக் கட்டுகிறார்கள். 2013-இல் அல்லப்பூலில் இதற்கென்றே உலகப் போட்டி நடந்தது.

புதியவர்களுக்கு இதைவிட இரக்கமுள்ள படகு கிடையாது. அகலமானது, எளிதில் கவிழாது, கடல் அலை தாங்கும். ஆனால் இருக்கை ஓடாது. மேலே தாம்பரம் வாசகருக்குச் சொன்ன 'காலை உதை' பாடம் இங்கே பாதிதான் பொருந்தும்: காலை ஊன்றிக்கொண்டு இடுப்பிலிருந்து உடம்பை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். 58 வயது முதுகுக்கு முதல் மாதம் ஒரு தடவைக்கு 20 நிமிடம் போதும், பிறகு இடம் மாறிக் காக்ஸாக உட்காருங்கள். அங்கே உங்களுக்கு எதிரி அலையைவிடக் குளிர்தான். பருத்தி பனியன் நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளியோ செயற்கை இழையோ போடுங்கள். லைஃப் ஜாக்கெட் இங்கே தாராளமாகப் போடலாம், போடுங்கள்.

அடையாற்றுத் தண்ணீரைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.
– வாசகி, கோட்டூர்புரம்

கொஞ்சம் பயம் நல்லதுதான். காயம் இருந்தால் நீர்புகாத பிளாஸ்திரி ஒட்டாமல் இறங்காதீர்கள். தண்ணீர்ப் புட்டியின் வாயைத் திறந்து படகில் போடாதீர்கள், துடுப்பிலிருந்து தெறிக்கும். கரைக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் காப்பி. எலிக் காய்ச்சல் பாக்டீரியா இப்படிப்பட்ட தண்ணீரிலிருந்து கீறல் வழியாக நுழையும். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் படகு வலித்ததை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்க மாட்டார்.

தனியாகப் போகும்போது கவிழ்ந்தால்?
– வாசகர், போரூர்

தொடக்கத்தில் தனியாகப் போகவே கூடாது. பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது, ஆழம் தெரிந்த இடத்தில் வேண்டுமென்றே ஒரு முறை கவிழ்ந்து பாருங்கள்.

கவிழ்ந்ததும் முதல் வேலை கால். இரண்டு ஷூவின் பட்டையையும் இணைத்து ஒரு கயிறு இருக்கும். அதை இழுத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கும். வெளியே வந்ததும் படகைப் பிடித்துக்கொள்ளுங்கள். கரை பத்தடியில் தெரிந்தாலும் படகை விட்டு நீந்தாதீர்கள். அது மூழ்காது, முன்னும் பின்னும் காற்றறை இருக்கிறது. நீங்கள் களைப்பீர்கள், அது களைக்காது. படகின் மேல் வயிற்றைப் போட்டுப் படுத்து, காலை உதைத்துக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரலாம்.

திரும்ப ஏற வேண்டுமானால், எதிர்ப்பக்க ரிக்கரைப் பிடித்து இழுத்துப் படகை நிமிர்த்துங்கள். இரண்டு துடுப்பையும் படகுக்குக் குறுக்கே நீட்டி, பிளேடுகளைத் தட்டையாக்கி, கைப்பிடிகளை ஒரு கையில் சேருங்கள். மறு கையைப் படகில் ஊன்றி, காலை உதைத்து எம்பி, வயிறு குறுக்கே விழும்படி ஏறுங்கள். பிறகு திரும்பி உட்கார்ந்து ஒவ்வொரு காலாக உள்ளே எடுங்கள். இவ்வளவு நேரமும் கைப்பிடிகளை விடவே கூடாது. விட்டால் மறுபடி முதலிலிருந்து.